பாதியில் நின்ற வணக்கம்

எனக்கு வாய் நீளம். ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் எங்கள் மாடிப்படி ஏறி இறங்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயால்தான் என் ஒரே மகளைத் தூரமாக்கிக்கொண்டேன். அவள் அப்பா இறந்தபோது, மழையில் பஸ் நடுவழியில் நின்றுபோய், எரியூட்டி முடித்த பிறகுதான் அவளால் வந்து சேர முடிந்தது. வாசலில், அத்தனை பேர் முன்னால், "இப்ப யாரைப் பாக்க வந்தே?" என்று கேட்டுவிட்டேன்.  அவள் மறுநாளே, புருஷனோடு குடியிருக்கும் கலோ மலைக்குத் திரும்பிவிட்டாள்.

அப்புறம் மூன்று வருஷம் போனில் மட்டும்தான் பேச்சு. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். மழையா, மழைதான். போனை வைத்துவிட்டால் வீட்டில் மின்விசிறிச் சத்தம்தான். ஜன்னலோரம் என் வீட்டுக்காரர் உட்காரும் பிரம்பு நாற்காலியில் துவைத்த துணியைப் போட்டு வைப்பேன். உட்கார மனசு வந்ததில்லை.

போன வருஷம் தடிஞ்சூட் விளக்குப் பண்டிகைக்கு வரச்சொல்லி மருமகன் கூப்பிட்டார். பர்மியர், பௌத்தர், பொறுமைசாலி. என் மகளைக் கட்டியவருக்குப் பொறுமை இல்லாமல் எப்படி? கலோவுக்குப் பஸ் ஏறினேன்.

மலைக்குளிரில் ஊரே மினுங்கிக்கொண்டிருந்தது. வேலி, திண்டு, மாடிக் கைப்பிடி என்று ஓர் இடம் விடாமல் மெழுகுவத்தி நட்டு வைத்திருந்தார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் கையில் தட்டோடு யாராவது பெரியவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே மகள் வீட்டாரைத் தவிர யாரையும் தெரியாது. மகளையும் தெரியுமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் காலையில் என்னை நடுக்கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். மகள் என் எதிரே மண்டியிட்டாள். தட்டில் பழம், காபிப் பொட்டலம், எனக்கென்று எடுத்த, பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் தமேன் துணி ஒன்று. இதற்குக் கடோ என்று பெயர். செய்த பிழையையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டு வணங்குவது. ரங்கூனில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததில்லை. ஆனால் என்னை யாரும் அப்படி வணங்கியதில்லை. அவள் கைகூப்பி, பர்மிய மொழியில் நாலு வார்த்தை சொல்லித் தலையைத் தாழ்த்தினாள்.  தோளைப் பிடித்துத் தூக்கி, "எந்திரி, எந்திரி, எதுக்கு இதெல்லாம்" என்றேன். நம் வீடுகளில் காலில் விழுகிறவளை நெற்றி தரையில் படுவதற்குள் தூக்கிவிடுவதுதானே பாசம்?

அவள் முகம் செத்துப்போனது. தட்டை என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அடுத்து அவள் மாமியார் வந்து அதே பாயில் உட்கார்ந்தார். மகனும் மருமகளும் வணங்கினார்கள். அந்த அம்மாள் அசையவில்லை. கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டு, மன்னித்தேன் என்று வாய்விட்டுச் சொல்லி, நீளமாக வாழ்த்தினார். மருமகன் பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: பெரியவர்கள் முழுசாகக் கேட்டுப் பதில் சொன்னால்தான் கடோ முடிந்த மாதிரியாம்.

அப்படியானால், மூன்று வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்க வந்த மகளை நான் வேண்டாமென்று எழுப்பி அனுப்பியிருக்கிறேன். அப்போதே அவளைக் கூப்பிட்டிருக்கலாம். ஊரையே வாயாடி ஜெயித்தவளுக்கு அன்றைக்குப் பார்த்து வாய் வரவில்லை. சாயங்காலம் எல்லாரும் பகோடா கோயிலுக்குப் போனார்கள். எனக்குக் கால்வலி என்று சொல்லிவிட்டு, அணைந்த மெழுகுவத்திகளைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை, அவர் போன அன்றைக்குக்கூட.

ரங்கூனுக்குத் திரும்பி வந்து பையைப் பிரித்தால், தட்டில் இருந்த அத்தனையும் உள்ளே இருந்தது. அவள்தான் வைத்திருக்கிறாள். உடனே போன் போட்டேன்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"அது கெடக்கட்டும். அன்னிக்குச் சொல்ல வந்ததைச் சொல்லு. நான் உக்காந்துதான் இருக்கேன்."

 அவள் பர்மிய மொழியில் ஆரம்பித்தாள். அன்றைக்கு நான் தூக்கிவிட்ட இடம் வந்ததும் நிறுத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை. மேலே சொன்னாள். கடைசிவரை கேட்டேன். மன்னித்தேன் என்று அவள் மொழியில் ஒரு தரம், என் மொழியில் ஒரு தரம் சொன்னேன். வாசலில் நான் கேட்ட கேள்விக்கு அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அவள் அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பாகிட்ட எப்படிம்மா கேக்கறது?"

நான் எழுந்துபோய், துணியையெல்லாம் கீழே எடுத்து வைத்துவிட்டு, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இப்பச் சொல்லு" என்றேன்.