அண்ணன் போட்ட டிக்

நான் என் அண்ணனை ஏமாற்றினேன். ஒரு முறை அல்ல. பக்கவாதத்தில் விழுந்து, எழ முயன்றுகொண்டிருந்த மனிதர் அவர். அவர் சரியாகச் செய்த ஒரு காரியத்தை, நீ செய்யவே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் என்னை நம்பினார். தம் மூளையை நம்புவதை விட்டுவிட்டார்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள்... அதனால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ!

என் பெயர் ஜெசிந்தா. விருத்தாசலம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அண்ணன் அல்போன்ஸ் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்யும் ஒரு கம்பெனியில் சூளை அவர் பொறுப்பு. சூளைச் சுவரில் உள்ள சிறு ஓட்டை வழியாக ஒரு நொடி பார்ப்பார். நெருப்பின் நிறத்தை வைத்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மீட்டர் அதற்குப் பிறகுதான் அதையே சொல்லும்.

ஒருநாள் காலை அந்தச் சூளைக்கு முன்பாகவே சரிந்தார். வலக்கை போயிற்று. பேச்சும் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முயன்றால் பேச்சு வரும் என்றார் டாக்டர். அவர் முயலவில்லை. எதைக் கேட்டாலும் ஒரு 'ம்'. அண்ணி எங்கள் மாவட்டத்திலேயே உள்ள மங்களூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். பஸ் பிடித்து வீடு வந்துசேர மாலையாகிவிடும். ஆகவே மதியத்தில் நான் கடையைச் சாத்திவிட்டு அவருடன் இருப்பேன். இப்படியே மூன்று மாதம்!

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஒரு பெட்டி நிறையப் பழைய சி.டி.க்கள் கிடைத்தன. அண்ணி கடைக்குப் போன் செய்தார்.

"ஜெசி, ஒங்க அண்ணன் பேசிட்டாரு! ஒரு சி.டி.ய கையில வச்சிக்கினு 'ரயிலு'ன்னாரு! ஒடனே வா!"

வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினேன்.

எனக்கு அந்த சி.டி. நன்றாகத் தெரியும். செராமிக் டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் இந்த ரயில் விளையாட்டு. தண்டவாளம் போட வேண்டும், ஸ்டேஷன் கட்ட வேண்டும், வண்டி விட வேண்டும். நான் அப்போது ஏழாம் வகுப்பு. அவர் நாற்காலிக்குப் பின்னால் மணிக்கணக்கில் நிற்பேன். "தொடாத. பாத்துட்டு மட்டும் இரு" என்பார். ஒரே ஒரு தண்டவாளம் போட எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! ஒருநாளும் விட்டதில்லை. விளையாட உட்கார்ந்துவிட்டால் வீட்டில் யாரோடும் பேசவும் மாட்டார்.

என் லேப்டாப்பில் சி.டி.யை ஏற்றினேன். விளையாட்டின் ஐகானைச் சொடுக்கியதும் திரை கண்ணிமைக்கும் நேரம் கறுத்தது. பிறகு ஒன்றுமில்லை. என்ன குறை என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் செத்துப்போனது.

இது எனக்குப் பழகிய நோய். அந்தக் காலத்து விளையாட்டுகள் தேடும் சில பழைய பாகங்களைப் புதிய கம்ப்யூட்டர்கள் அணைத்தே வைத்திருக்கும். சி.டி.யைக் கடைக்கு எடுத்துப்போய் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். செட்டிங்கில் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். மெஷினை ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும். அவ்வளவே!

அதை அவர் கண் முன்னே செய்து காட்டலாம் என்று துள்ளிக்கொண்டு வந்தேன். மவுஸில் கை வைத்தேன். இடக்கையால் என் கையைத் தள்ளினார்.

"நா... நா..."

தானே செய்ய வேண்டுமாம். மூன்று மாதத்தில் அவர் எதையாவது வேண்டுமென்று கேட்டது அதுதான் முதல் முறை.

அதன்பின் நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! ஒரு மனிதர் தம்மைத் தாமே செங்கல் செங்கலாக எடுத்துக் கட்டுவதை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? முதல் நாள் பத்து நிமிடம், வியர்த்துப்போனார். மறுநாள் இருபது. மவுஸைப் பிடிக்கவே இடக்கை ஒரு வாரம் பழகியது. ஒரு நோட்டில், செய்துபார்த்த ஒவ்வொன்றையும் இடக்கையால் கோணல் மாணலாக எழுதினார். 'கலர் மாத்தினேன். ஓடல.' 'வேற ஃபோல்டர். ஓடல.' தேவைப்பட்டதால் சொற்கள் வந்தன. முதலில் 'கலர்'. பிறகு 'பழசு'. பிறகு, "இது... எங்க இருக்குது?" ஒரு முழு வாக்கியம்! அன்று அண்ணி மாதா படத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றி அழுதார்.

வாரம் ஒருமுறை பயிற்சி கொடுக்க வரும் பிசியோகாரர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "நான் குடுக்குற எக்சர்சைஸ விட இது நல்லா வேல செய்யுதும்மா. எத்தன நாள் இழுக்குதோ, இழுக்கட்டும்" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அதை எடுத்து எங்கே வைத்தேன், பாருங்கள்...

மூன்றாம் வாரம். நான் எதுவும் சொல்லாமலே அண்ணன் அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்தார். அந்தக் கட்டத்தையும் கண்டுபிடித்தார். டிக் போட்டார். மெஷின் அணைந்து ஏற நேரமாகும் என்றதும், "எழுந்து... பாக்குறன்" என்று உள்ளறையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மெஷின் ஏறியது. நான் சொடுக்கிப் பார்த்தேன். புகை கக்கிக்கொண்டு ஓர் எஞ்சின் திரைக்குள் நுழைந்தது, ஊதியது. ஓடிப்போய் அவரை எழுப்பியிருக்க வேண்டும்! நான் சத்தத்தை அணைத்தேன்.

அவர் விளையாட ஆரம்பித்துவிட்டால் பழையபடி வாயை மூடிக்கொள்வார், வந்த பேச்சு நின்றுபோகும் என்று பயந்தேன். இது உண்மை. ஆனால் முழு உண்மையா? அந்த மதியங்கள் எனக்குப் பிடித்திருந்தன. நாற்காலியில் அவர், பக்கத்தில் நான், "ஜெசி, இது என்னா?" என்று நொடிக்கொரு தரம் கேள்வி. என் வாழ்நாளில் அவருக்கு நான் தேவைப்பட்டது அப்போதுதான். இன்னும் கொஞ்ச நாள்... இன்னும் கொஞ்சம்... என்று ஏங்கினேனா? அல்லது, தண்டவாளம் போட விடாத அண்ணனைப் பழிவாங்கினாளா அந்த ஏழாம் வகுப்புப் பெண்? எனக்கே தெரியவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

டிக்கை எடுத்தேன். மெஷினை மறுபடி அணைத்து ஏற்றினேன். எழுந்து வந்த அண்ணன் சொடுக்கினார். திரை கறுத்துச் செத்தது. நோட்டில் எழுதினார்: 'டிக் போட்டேன். ஓடல.'

அவர் நோட்டில் இருந்த முதல் பொய் அது. எழுதியது அவர் கை, பொய் என்னுடையது.

இத்தோடு நின்றிருந்தால்கூட நான் உறங்கியிருப்பேன். ஒரு மாதம் கழித்து அவர் மறுபடி அந்தப் பட்டியலுக்கு வந்தார். கட்டம் காலியாக இருந்தது. திடுக்கிட்டுப் பார்த்தார்.

"ஜெசி... நா இத டிக் போட்டன். போட்டன்ல?"

எவ்வளவு தெளிவாகக் கேட்டார் தெரியுமா! திக்கவே இல்லை. அவர் எழுந்துவிட்டார் என்பதற்கு அந்தக் கேள்வியே அத்தாட்சி. நான் என்ன சொன்னேன்?

"இல்லண்ணா. நீ போடல. போட்டதா நெனச்சிருப்ப."

நோட்டைப் புரட்டினார். 'டிக் போட்டேன்' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அந்த வரியைப் பார்த்தார், காலிக் கட்டத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, தம் சொந்த வரியை மெதுவாக அடித்தார்.

எதைச் செய்தாலும், "சரியா பண்ணியிருக்கனா, பாரு" என்று என்னைக் கூப்பிடத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

அந்தப் பட்டியலின் பக்கமே அவர் மறுபடி போகவில்லை. நானும் அழைத்துப் போகவில்லை. அவர் வேறு வழி தேடினார். அப்போது அவர் செய்தது... கடவுளே, பதினைந்து வருடம் இதே தொழிலில் இருக்கும் எனக்குத் தோன்றாதது!

ஒரு சனிக்கிழமை அண்ணியின் செல்போனைக் கேட்டார். அதை ஒரு டம்ளரில் சாய்த்துத் திரைக்கு எதிரே நிறுத்தச் சொன்னார். ஸ்லோமோஷனில் வீடியோ எடுக்கச் சொன்னார். பிறகு விளையாட்டைச் சொடுக்கினார். கறுப்பு வெட்டி மறைந்தது. மறுபடி. மறுபடி. இருபது தடவைக்கு மேல் இருக்கும். பிறகு போனை மடியில் வைத்து, இடது கட்டைவிரலால் வீடியோவைத் துளித்துளியாய் நகர்த்தினார். நானும் அண்ணியும் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து பார்த்தோம்.

"இங்க... பாரு."

அந்தக் கறுப்புக்குள் ஒரு வெள்ளை வரி இருந்தது! இமைக்கும் முன் வந்து, இமைக்கும் முன் மறையும் ஒரு வரி. ஒரு ஃபைலின் பெயர். அது இல்லை என்ற செய்தி. அவ்வளவு நாளும் அந்த விளையாட்டு தன் நோயை எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செத்துக்கொண்டிருந்தது. யாருக்கும் பார்க்கத் தெரியவில்லை.

"எப்படிண்ணா தோணுச்சு?"

"சூளைய... ஒரு நொடிதான பாப்போம். அந்த நொடியில எல்லாம் இருக்கும். இது எதயோ தேடுது. கெடைக்கல. அதான் சாவுது. நம்ம பழைய கம்ப்யூட்டருல இருக்கும், எறக்கு."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டார். டிக் போட்டால் ஓடும் என்பது எனக்குத் தெரியும். ஏன் ஓடும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பாதி மூளை இருண்டுபோனதாக எல்லோரும் பரிதாபப்பட்ட மனிதர், வேரையே பிடித்து இழுத்துவிட்டார்!

பரணிலிருந்து பழைய மெஷினை இறக்கி, அதன் ஹார்டு டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டினேன். கரகரவென்று சுழன்றது, உயிர் இருந்தது. அண்ணன் அந்த ஒரே ஃபைலைத் தேடி எடுத்து, விளையாட்டின் ஃபோல்டரில் இடக்கையால் போட்டார். சொடுக்கினார்.

எஞ்சின் வந்தது. ஊதியது. அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வண்டி ஒரு சுற்றுச் சுற்றி ஸ்டேஷனுக்கு வரும்வரை பார்த்தார்.

பிறகு மூடிவிட்டார்.

"ஓடுதுல்ல, போதும். வேற எந்த சி.டி. ஓடல?"

கேட்டீர்களா? விளையாட்டில் மூழ்கி மறுபடி ஊமையாகிவிடுவார் என்று பயந்தேனே... அவருக்கு விளையாட்டே வேண்டியிருக்கவில்லை! ஓடாத ஒன்றை ஓடவைப்பதுதான் வேண்டியிருந்தது. எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த ஒரே நியாயமும் அந்த நிமிடம் செத்தது.

சில நாள் கழித்து அவராகவே சொன்னார், சிரித்துக்கொண்டே: "அந்த டிக் போட்டாலும் இதே ஃபைலுதான் வரும், ஜெசி. அன்னிக்கே முடிஞ்சிருக்கும். போட மறந்துட்டன், பாரு!"

"ஆமாண்ணா" என்றேன்.

இப்போது அண்ணன் காலையில் என் கடைக்கு வருகிறார். பழைய விளையாட்டுகள் ஓடவில்லை என்று ஊரெல்லாம் அவரைத் தேடி வருகிறது. ஒவ்வொரு முறையும் நான் வாய்பிளந்து நிற்கிறேன். ஆனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் என்னைப் பார்க்கிறார். வீட்டில் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறாராம். மாத்திரை போட்டேனா என்று அண்ணியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். "டாக்டரு டெஸ்ட்டு வச்சி பாத்துட்டு ஞாபகமெல்லாம் நல்லாதான் இருக்குதுன்றாரு ஜெசி. அப்புறம் ஏன் இப்பிடி பண்றாரு?" என்கிறார் அண்ணி.



பீங்கான் கம்பெனி முதலாளி கடைக்கே வந்தார். "நீ ஒண்ணும் தூக்க வேணாம் அல்போன்ஸு. சூளை முன்னாடி சேர் போட்டு உக்காந்து, எத்தன மணிக்கு சூட்ட ஏத்தணும், எப்ப எறக்கணும்னு சொன்னா போதும். ஒன்ன மாரி பாக்க ஆளில்ல" என்றார்.

அண்ணன் கண்கள் ஒரு கணம் பளிச்சிட்டன. பிறகு தலை குனிந்தார். "வேணாங்க மொதலாளி. நா ஒண்ண பண்ணிட்டதா நெனைக்கிறன், பாத்தா பண்ணியிருக்க மாட்டன். சூளையில அப்பிடி ஆச்சுன்னா என்னாங்க பண்றது?"

அவருக்கு இரண்டடி தூரத்தில் நான் நின்றிருந்தேன். 'டிக்க நீ போட்டண்ணா, நான்தான் எடுத்தேன்' என்ற நான்கைந்து சொற்கள்... அவற்றைச் சொல்லியிருந்தால் அவர் சூளைக்கே திரும்பியிருப்பார். நான் முதலாளிக்கு டீ சொல்லப் போனேன்.

மாதா கோவிலில் ஃபாதர் காதில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "அண்ணங்கிட்ட பொய் சொல்லிட்டேன் ஃபாதர்" என்று மட்டும் சொன்னேன். மூன்று முறை 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். பொய்க்கு மன்னிப்புக் கிடைத்தது. ஒரு மனிதரை அவரிடமிருந்தே பிரித்ததற்கு? அதை நான் அங்கே சொல்லவே இல்லையே...

போன வாரம் மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பாய் வந்தார். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். கல்லூரிக் காலத்தில் விளையாடிய கார் பந்தய சி.டி.யையும் தம் லேப்டாப்பையும் கொண்டுவந்திருந்தார். துபாயில் மூன்று கடையில் கைவிரித்துவிட்டார்களாம். அண்ணன் மதியத்துக்குள் ஓடவைத்தார். பாய் அசந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா மூளைங்க ஒங்களுக்கு!"

"மூளையா? அது பாதி போயிடுச்சு பாய்" என்று அண்ணன் சிரித்தார். இடக்கையை நீட்டி என்னைக் காட்டினார். "மீதி பாதி இதோ நிக்குது பாருங்க. இவ சொன்னாதான் எனக்கு எதுவும் நெசம்."

பாய் என்னை மரியாதையோடு பார்த்தார். நான் லேப்டாப்பைப் பையில் போட்டு அவரிடம் கொடுத்தேன்.

சிரிக்கவும் செய்தேன்.