தொட்டிக்குள் ஒரே ஒரு மீன்

கடலூரில், சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் குடும்பங்கள் தங்கும் விடுதியில் ஒரு மீன் தொட்டி. தண்ணீர் பச்சையாகி உள்ளே எதுவுமே தெரியாது. மீன் வளர்க்கும் பைத்தியங்களான நானும் நண்பன் செந்திலும் அதைச் சுத்தம் செய்துதர இன்று சிதம்பரத்திலிருந்து போனோம்.

மதியத்துக்குள் தண்ணீர் பளிங்கு மாதிரி ஆனது. உள்ளே ஒரே ஒரு மீன்.

அங்கே தங்கியிருக்கும் சிறுமி யாழினி வந்து பார்த்தாள்.

"குண்டம்மா இருக்கா. போலீசு எங்க? ட்வின்ஸ் எங்க? மீசக்காரரு எங்க?"

அந்த ஒரு மீன் அவ்வப்போது பாசிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்ததற்கே, பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

"மொத்தமே ஒண்ணுதான் பாப்பா இருந்துது" என்றேன்.

"அம்மா, இவுங்க பைய செக் பண்ணு" என்றாள்.

அவள் அம்மா நெளிந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார். ஊசி போடுறப்ப அந்தப் பேரெல்லாம் சொல்லிக்கிட்டேதான் அழுவாம இருப்பா."

பையைத் திறந்து காட்டினோம். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

செந்தில் குனிந்து, "எல்லாரும் பிச்சாவரத்துக்கு போட்டிங் போயிருக்காங்க. ஞாயித்துக்கெழம வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டான்.

"மீனுக்கு எதுக்கு போட்டு?" என்றாள்.

நண்பர்களே, ட்வின்ஸ் கடையில் கிடைக்கும். மீசைக்காரருக்குக் குட்டிக் கெளுத்தி போதும். போலீஸ் மாதிரி முறைக்கிற மீன் யார் வீட்டிலாவது இருக்கிறதா?