கண்டி வீதியில் ஒரு மச்சாள்

என் கணவரின் தங்கை பளையில் இருக்கிறாள். கண்டி வீதியோரம் வீடு. படலையைத் திறந்தால் பஸ் தரிப்பிடம். யாழ்ப்பாணத்துக்கும் போகலாம், வவுனியாவுக்கும் போகலாம், கொழும்புக்குப் போகிற ஏசி பஸ்கூடக் கை காட்டினால் நிற்குமாம். அதையும் சலித்துக்கொண்டுதான் சொல்வாள். "ஹோன் சத்தத்தில நித்திரையே இல்லை மச்சாள்" என்பாள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும்.

எங்கள் வீடு வட்டக்கச்சியின் உட்பக்கம், வாய்க்கால் வீதியில். வயலுக்கு நல்ல இடம். பஸ் என்றால் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒன்று. அதைத் தவறவிட்டால் நடைதான்.

சண்டைக் காலத்தில் எனக்கு இந்த எரிச்சல் இருந்ததில்லை. அப்போது கண்டி வீதியிலும் பஸ் இல்லை, வாய்க்கால் வீதியிலும் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடிய வாகனம் ஏதாவது எப்போதாவது புகை கக்கிக்கொண்டு வரும். மற்றபடி எல்லாருக்கும் சைக்கிள். மச்சாளும் நானும் ஒரே சைக்கிளை மாறி மாறி மிதித்துப் போயிருக்கிறோம். சண்டை முடிந்து மீளக் குடியேறிய பிறகு பழைய பஸ்கள் தகரம் கிலுகிலுக்க வந்தன. வீதிக்குக் காப்பெற் தார் போட்டார்கள். பிறகு மெத்தை ஆசனமும் பாட்டும் படமுமாகப் புதியவை வந்தன. எல்லாம் கண்டி வீதிக்கு. அங்கே ஓடிக் களைத்தவை எங்களுக்கு வந்தன.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். மகள் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் உயர்தரம் படிக்கிறாள். கிளிநொச்சியில் பின்னேர வகுப்பு முடிவதற்குள் எங்கள் பக்கத்துக் கடைசி பஸ் போய்விடும். கணவர் அரிசி ஆலை வேலை முடித்து வர இருட்டிவிடும். "பிள்ளை என்னோட நிக்கட்டும், இஞ்ச எந்த நேரமும் பஸ் இருக்குத்தானே" என்றாள் மச்சாள். பிள்ளை இல்லாதவள். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. மகளின் உடுப்பை நானே மடித்துக் கொடுத்தனுப்பினேன்.

அன்றிலிருந்து, வகுப்பு இல்லாத வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் எனக்கு மகள். வந்ததும் மாமி கதைதான். மாமி வைக்கிற சொதி வேறு மாதிரியாம். மாமி தலை இழுத்தால் நோகாதாம். ஒருநாள் மச்சாள் பின்னுகிற மாதிரியே பின்னிக்கொண்டு வந்து நின்றாள். நான் அதை அவிழ்த்து எண்ணெய் வைத்தேன். "ஏனம்மா அவிழ்க்கிறீங்கள், நல்லாத்தானே இருந்தது" என்றாள். நான் என் மாதிரியே திரும்பப் பின்னிவிட்டேன்.

ஊர்ச் சங்கத்தை நான் அரித்த அரிப்பில்தான் ஆறு மணி பஸ் வந்தது. கிளிநொச்சி டவுனிலிருந்து எங்கள் வீதி முடிவுவரை, பரீட்சார்த்தமாக ஓடும் என்றார்கள். முதல் நாள் ஊரே திரண்டு வந்து கும்பம் வைத்தது, பஸ்ஸுக்கு மாலை போட்டது, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தது, சாரதிக்குச் சந்தனம் பூசியது. போனில் படம் எடுத்தார்கள். பிறகு அத்தனை பேரும் தங்கள் தங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனார்கள். மாலையோடு பஸ் வெறுமையாகத் திரும்பியது.

அடுத்த கிழமை நடத்துனர் என்னிடம் சொன்னார்: "அம்மா, அண்டைக்கு மாலை போட்ட சனத்தில பாதி ஏறினாலே காணும். இப்பிடியே ஓடினா நிப்பாட்டிப் போடுவினம்."

அந்த பஸ்ஸை நம்பித்தான் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள்; நிறுத்தினால் திரும்பவும் பளைக்கு. விடுவேனா? சமையலை முடித்துவிட்டு மத்தியான பஸ்ஸில் டவுனுக்குப் போவேன், ஆறு மணி பஸ்ஸில் மகளோடு வருவேன். "டவுனில அப்பிடி என்ன அலுவல்?" என்று கணவர் கேட்டார். "பஸ்ஸில வாறதுதான் அலுவல்" என்றேன். அயலாரையும் விடவில்லை. தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்க மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணியவளிடம் திறப்பைப் பறித்து வைத்துக்கொண்டு, "பஸ்ஸில போங்கோ" என்றேன். ஒரு மாதிரி மனிசி என்று என்னைப் பற்றிக் கதைத்தார்கள். கதைத்துக்கொண்டே ஏறினார்கள். இரண்டு மூன்று மாதத்தில் இருக்கை கிடைக்காமல் நிற்கிற அளவுக்கு ஆள் சேர்ந்தது. பஸ் நிரந்தரமாக ஓடும் என்று அறிவித்த அன்றே பளைக்குப் போய் மகளின் புத்தகங்களையும் மிச்ச உடுப்புகளையும் கட்டிக்கொண்டு வந்தேன். மச்சாள் தேத்தண்ணி தந்தாள்.

போன கிழமை அவள் எனக்குப் போன் எடுத்தாள். வழக்கம்போலப் பின்னால் ஹோன் சத்தம்.

"மச்சாள், ஆறு மணியானா நான் என்னையறியாமப் படலையடிக்குப் போறன். பஸ் எல்லாம் வந்து நிண்டிட்டுத்தான் போகுது. எங்கட வீட்டுக்கெண்டு இறங்க ஒராளும் இல்லை. உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையாக் கிடக்கு." பிறகு கேட்டாள்: "சனி ஞாயிறிலயாவது பிள்ளையை அனுப்பிவிடுறீங்களோ?"

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். குசினியில் மகள் எதையோ வறுத்துக்கொண்டிருந்தாள், வாசம் வந்தது. குரலை இறக்கிக்கொண்டேன்.

"பாப்பம் மச்சாள், பஸ் வசதியைப் பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

சனி ஞாயிறிலும் எங்கள் வீதியில் பஸ் ஓடுகிறது என்பது மச்சாளுக்கும் தெரியும்.