நெத்திலிக்கு நீட்டிய கை

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷத்தில் பிறந்தவள் என் மகள். ஆறு வயதாகியும் பேச்சில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ராயபுரத்தில் மீன் விற்றுவிட்டு வந்ததும் வறுத்த நெத்திலியைக் காட்டி, "கை நீட்டு கண்ணு" என்பேன். எட்டு மாதம் சொன்னேன். ஒருநாள் உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். எனக்குப் பேராசை.

"இன்னாத்துக்குமே சும்மா வுட்டுகினு கீறே? மணிக்கட்டுல சூடு வச்சா பேச்சு வந்துரும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. திருவொற்றியூரில் சூடு வைக்கும் பெரியவர் ஒருவரிடம் மகளை அழைத்துப் போனேன்.

அவர் மஞ்சள் கொம்பை நெருப்பில் காட்டியபடி, "கொயந்தைய கெட்டியா புடிச்சிக்கோம்மா, திமிறும்" என்றார்.

"புடிக்கவே வாணாம் நைனா. நா சொன்னா அதுவே நீட்டும்" என்றேன். அதைச் சொல்வதில் எனக்கு எவ்வளவு பெருமை! அவள் பக்கம் திரும்பி, "கை நீட்டு கண்ணு" என்றேன்.

நீட்டினாள். நெத்திலி வாங்குவதற்கு விரிப்பது போலவே உள்ளங்கையை விரித்திருந்தாள்.

அலறல் கேட்டு நான் அவரைப் பிடித்துத் தள்ளுவதற்குள் சூடு வைத்து முடித்திருந்தார்.

பேச்சு வரவில்லை. பல மாதம் அவள் என் பக்கமே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியையோ அந்தப் பெரியவரையோ குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் குரலை நம்பித்தானே நீட்டினாள்.

இப்போது மறுபடியும் சொன்னால் நீட்டுகிறாள். மீன் கையில் விழும்வரை கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள்.