மலைக்குழாயும் இருபத்து மூன்று சமன்பாடுகளும்

போன செவ்வாய்க்கிழமை திருத்தணி மலைக்குப் படியேறிப் போனேன். மேலே போக நல்ல தார் ரோடு இருக்கிறது, பஸ் இருக்கிறது. இருந்தும் ஏன் படி என்கிறீர்களா? டாக்டர் நடக்கச் சொன்னார். மனைவி வேண்டிக்கொண்டாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஏற்றம்.

பாதி வழியில் மூச்சு வாங்கியது. அங்கே ஒரு மண்டபம், அதன் ஓரத்தில் ஒரு குழாய். திறந்தேன். தண்ணீர் வந்த வேகத்தில் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு இறங்கி வந்துகொண்டிருந்த ஒருவர் அதே குழாயில் கையேந்தி வயிறு முட்டக் குடித்தார். பிறகு வானத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அப்பாடா... எவன் வச்ச கொழாயோ, அவன் கொலம் நல்லா இருக்கணும்!"

'நான்தானய்யா வைத்தேன்' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். அடக்கமா? சேச்சே! என்னை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாதா? விஷயம் வேறு. அந்தக் குழாயை உண்மையில் யார் வைத்தது என்பது அத்தனை சுலபமான கேள்வி இல்லை.

எழுபதுகளின் கடைசி. திருத்தணியில் குடிநீர்ப் பிரிவில் நான் ஜூனியர் இன்ஜினியர். படியோரமாகவும் மலையுச்சியிலும் பக்தர்களுக்கென்று குழாய்கள் இருந்தன. சாதாரண நாளில் தண்ணீர் வரும். ஆடிக் கிருத்திகையன்று கீழ்த்தெருக் குழாய்களையெல்லாம் திறந்துவிடுவார்களா... மேலே இருக்கிற மூன்று குழாய்களிலும் 'புஸ்' என்று வெறும் காற்று!

ஒரு கிருத்திகையன்று அந்தப் பாதி வழிக் குழாயருகே டியூட்டியில் இருந்தேன். காவடியோடு ஏறி வந்த அம்மாள் ஒருத்தி குழாயைத் திருகினாள். காற்று. மறுபடி திருகினாள். காற்று. திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் சட்டையில் குத்தியிருந்த இலாகா அட்டையைப் பார்த்தாள், காவடியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குள் அந்த மூன்று குழாயிலும் தண்ணீர் வரவைப்பது என்று சபதம் செய்தேன். சபதம் சுலபம், கணக்குதான் கஷ்டம். குழாய்கள் ஒன்றோடொன்று சேருகிற இடங்கள் இருபத்து மூன்று. ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் அழுத்தம் எவ்வளவு? ஓரிடத்தில் மாறினால் மற்ற இருபத்திரண்டும் மாறும். ஆக, இருபத்து மூன்று சமன்பாடுகளை ஒரே சமயத்தில் போட வேண்டும். விடையை வைத்துத் திருத்தி, மறுபடி போட வேண்டும். கையால் போட்டால் மூன்று வாரம். நடுவில் ஒரு கூட்டல் பிசகினால்? முதலிலிருந்து ஆரம்பியுங்கள், சுவாமி!

எங்கள் மேலதிகாரி ஈ.ஈ. (எக்ஸிக்யூடிவ் இன்ஜினியர்) கைக்கணக்கு மன்னர், கம்ப்யூட்டர் என்றாலே முகம் சுளிப்பவர். என்றாலும் மெட்ராஸில் ஒரு கல்விக்கூடத்துக் கம்ப்யூட்டரில் புதன்கிழமை தோறும் எனக்கு இடம் வாங்கித் தந்தார். கூடவே ஒரு கெடுவும் வைத்தார்: "ஏம்பா, மூணு புதன்கெழமதான். அந்த வெள்ளிக்கெழமை நான் பைப்புக்கு ஆர்டர் போட்டாவணும். உன் மிஷின் வழி சொல்லலன்னா மேல இருக்கற மூணு கொழாயும் கட்! டேங்கர் வுட்டுக்கலாம்."

டேங்கர் எப்படியய்யா படியேறும் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு ஏ.சி. அறை, உள்ளே பீரோ பீரோவாக நிற்கும். நாம் தொடவே முடியாது. நம் புரோகிராமை வரிக்கு ஒரு அட்டையாகத் துளை போட்டு, கட்டாகக் கட்டி, ஜன்னலில் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும்.

துளை போடும் பிரிவில் இருந்தவர் சரோஜா. பள்ளிப்பட்டில் நெசவுக் குடும்பம், திருத்தணியில் புகுந்த வீடு. தினமும் அரக்கோணம் வழியாக மெட்ராஸுக்கு ரயிலில் போய்வருவார். புதன்கிழமைகளில் நானும் அதே வண்டி. என்னைவிட இரண்டொரு வயது சின்னவர், வேகத்திலோ என்னைவிடப் பத்து மடங்கு பெரியவர். நான் கோழிக் கிறுக்கலாக எழுதித் தந்ததை ஒரு பிழையும் இல்லாமல் அடித்துத் தருவார்.

முதல் புதன். என் புரோகிராம் அறுபது வரிதான். சமன்பாடு போடுகிற கஷ்டமான வேலையை நான் எழுதவில்லை. அதற்கென்று ஒரு லைப்ரரி இருந்தது — புத்தகம் அடுக்கிய நூலகம் இல்லை, காந்த நாடாவில் வந்த கணக்கு லைப்ரரி. எந்தத் தேசத்திலோ யாரோ எழுதிக் கப்பலில் அனுப்பியது. நாம் அதிலிருக்கிற பகுதியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அது வந்து போட்டுத் தரும்.

கூப்பிட்டேன். 'கம்பைல் ஆயிற்று, பிழை ஏதுமில்லை' என்று அச்சாகி வந்தது. ஆகா! அடுத்த வரியைப் படித்தேன்... 'நீங்கள் கூப்பிட்டவர் இங்கே இல்லை' என்கிற பொருளில் ஒரு வாசகம். அவ்வளவுதான், வேலை நின்றுவிட்டது.

கல்யாணப் பத்திரிகையில் நாதஸ்வரக்காரர் பெயரைப் போட்டுவிட்டால் போதுமா? ஆள் வந்து மேடையில் உட்கார வேண்டாமா? பத்திரிகையில் எழுத்துப் பிழை இல்லை என்று சொல்வதுதான் கம்பைல். ஆளைக் கூட்டிவந்து உட்கார வைப்பது லிங்க். லைப்ரரி எந்த நாடாவில் இருக்கிறது என்று சொல்லும் அட்டையை நான் வைக்கவே இல்லை. ஒரு வாரம் போச்சு.

இரண்டாம் புதன். அட்டையை வைத்தேன். லிங்க் ஆயிற்று. எத்தனையோ நூறு பகுதிகள் இருந்த நாடாவில் எனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் தேடியெடுத்து, என் அறுபது வரியோடு இணைத்து, ஒரே புரோகிராமாக்கியிருந்தது. என்னைப் பார்த்தே இராத ஒருவரின் வேலையும் என் வேலையும் ஒன்றாகிவிட்டன! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெருமையாக விடையைப் பிரித்துப் பார்த்தால் — ஒரே வரி. 'இந்தச் சமன்பாடுகளுக்குத் தீர்வு காண முடியாது.'

ஈ.ஈ.யிடம் போய்ச் சொன்னேன்.

"வெட இல்லன்னு சொல்றதுக்கு மெட்ராஸ் வரிக்கும் போவணுமா? அத நானே இங்க குந்திகினு சொல்லியிருப்பனே!"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

என் கோபம் லைப்ரரி மேல் திரும்பியது. நம் வேலை நடக்கவில்லை என்றால் முதலில் அடுத்தவனைத்தானே சந்தேகிப்போம்? மூன்றாம் புதன் காலையில் கம்ப்யூட்டர் நிலையத்துப் பொறுப்பாளரிடம், "உங்க லைப்ரரியில தப்பு இருக்கு சார்" என்றே புகார் செய்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "உலகம் பூரா ஓடிகினு இருக்குதுங்க அது. உங்களுக்கு மட்டும்தான் வரல" என்றார். பிறகு இரக்கப்பட்டு, "நீங்க குடுத்த எண்ணுங்கள அது எப்பிடிப் பாக்குதுன்னு அச்சடிச்சிப் பாருங்களேன்" என்று ஒரு வழி சொன்னார்.

அச்சடித்து வாங்கினேன். பெரிய தாள் முழுக்க எண்கள். மதியம் முழுவதும் முறைத்துப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. சாயங்கால வண்டியில் ஏறி, எதிரே உட்கார்ந்திருந்த சரோஜாவிடம் சொல்லிவிட்டேன்.

"முடிஞ்சிதுங்க. நாளைன்னிக்கு ஈ.ஈ. மேல் கொழாயெல்லாத்தையும் கட் பண்ணிடுவாரு."

"அய்யோ... ஆடிக்கு எங்க வூட்லகூட காவடி எடுக்கறாங்க சார்." சட்டென்று கையை நீட்டினார். "அந்தத் தாள இப்பிடிக் குடுங்க, பாக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வாரமாக இன்ஜினியர் முட்டிக்கொள்கிற கணக்கை, அட்டை அடிக்கிற அம்மாள் பார்த்து என்ன ஆகப்போகிறது? (அந்த நினைப்புக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.)

அவர் எண்களைப் படிக்கவே இல்லை. தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். புடவையில் டிசைன் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்படி. பிறகு நான் கைப்பட எழுதியிருந்த தாளையும் வாங்கி அதே மாதிரி பிடித்தார். வண்டி மணவூரைத் தாண்டியது.

"சார், நீங்க எழுதனதுல பெரிய எண்ணெல்லாம் மூலைக்கு மூலை ஒரே கோடா எறங்குது. இதுல பாருங்க... அஞ்சு அஞ்சு வரியா குதிச்சிகினு போவுது. ஒண்ணு வுட்டு ஒண்ணு நடுவுல வெத்தா வேற கெடக்குது."

பார்த்தேன். ஆமாம்! மதியம் முழுக்க என் கண்ணெதிரே கிடந்தது அது.

"நான் வெற்றிடமே கொடுக்கலியே... எங்கேருந்து வந்தது?"

"குடுத்தீங்களே. மொத அட்டையில அம்பதுக்கு அம்பதுன்னு எடம் புடிச்சீங்க. லைப்ரரியக் கூப்படற அட்டையில இருபத்தி மூணுன்னு போட்டீங்க. ரெண்டையும் நான்தான அடிச்சேன்?"

ஐம்பது போட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் ஒரு தெருவுக்குக் குழாய் வைத்தால் மறுவாரமே பத்துத் தெருக்காரர்கள் மனுவோடு நிற்பார்கள். நாளைக்குக் கூடும், இடம் இருக்கட்டும் என்று தாராளமாகப் போட்டிருந்தேன்.

சரோஜா தொடர்ந்தார். "எங்க நைனா தறியில அச்சுன்னு ஒண்ணு இருக்கும் சார். சீப்பாட்டம் இருக்கும், பல்லுக்குப் பல்லு நடுவுல இழைய கோப்பாங்க. அம்பது சந்து இருக்கற அச்சுல இருபத்தி மூணு இழதான் கோத்தாலும் அச்சு அம்பதுதான? மீதி இருக்கற வெத்துச் சந்தையும் எண்ணிக்கினுதான அடுத்த எடத்துக்குப் போவணும்? எண்ணாம வுட்டா எல்லாம் தள்ளிப்பூடும். அத மாரிதான் இருக்குது இது."

சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒவ்வொரு வரிசைக்கும் ஐம்பது இடம் தாண்ட வேண்டிய லைப்ரரியை, இருபத்து மூன்று தாண்டினால் போதும் என்று நானே தவறாக அனுப்பியிருக்கிறேன்! அது போய் வெற்றிடத்தில் நின்றுகொண்டு, 'ஐயா, இதற்குத் தீர்வு இல்லை' என்று சொல்லியிருக்கிறது.

பையிலிருந்து லைப்ரரியின் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். இருந்தது. 'இங்கே தர வேண்டியது பிடித்துவைத்த இடத்தின் முழு அளவு, சமன்பாடுகளின் எண்ணிக்கை அல்ல.' அந்த 'அல்ல'வின் கீழே ஒரு கோடு வேறு! எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் என்னைப் போல ஒருவன் வருவான், இந்த இடத்தில்தான் இடறுவான் என்று அந்த மனிதருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

இன்னொன்று நினைத்துப் பாருங்கள். தப்பான எண்ணைக் கொடுத்தேன். ஏதோ ஒரு விடையைத் தந்து என்னை அனுப்பியிருக்கலாமே? தரவில்லை. முடியாததை முடியாது என்றது. அதனால்தான் நான் தப்பான குழாயை வாங்காமல் பிழைத்தேன். எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கியிருக்கிறேன்... 'எனக்குத் தெரியாது' என்று நேர்மையாகச் சொன்ன ஒரு நாற்காலியைக் காட்டுங்கள் பார்ப்போம்!

"அடுத்த புதன்தானே இனி நம்ம முறை? வெள்ளிக்கிழமை கெடுவாச்சே..." என்றேன்.

"ஒரே ஒரு அட்டதான சார்? காலையில போன ஒடனே நான் அடிச்சி வச்சிடறேன். பொறுப்பாளர் சார்கிட்ட நானே கேக்கறேன். நீங்க வண்டி ஏறி வாங்க, போதும்."

வியாழன் மதியம். ஒரு அட்டை மாறியது, ஐம்பது என்று. மறுபடி கம்பைல், மறுபடி லிங்க். ஜன்னலில் தாள் வந்தது. இருபத்து மூன்று எண்கள், வரிசையாக. எதிரில் சரோஜா நின்றுகொண்டிருந்தார். தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அன்று இரவு வரை அங்கேயே இருந்து குழாய் அளவுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. நாங்கள் எல்லோரும் பம்பு போதாது என்று வருஷக்கணக்காகப் பம்பைத் திட்டிக்கொண்டிருந்தோம். பம்பில் குறையே இல்லை! அடிவாரத்து வளைவில் ஒரு துண்டுக் குழாய் நாலு அங்குலம். அதை ஆறு அங்குலமாக்கினால் மேல் மூன்றுக்கும் தண்ணீர் போகும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத இடம் அது. கடல் கடந்த ஒருவர், திருத்தணி எந்தத் திசை என்றே தெரியாதவர், விரலை நீட்டிக் காட்டியது போல இருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை ஈ.ஈ. நாலு இடங்களைக் கையால் போட்டுச் சரிபார்த்தார். பொருந்தியது. இன்னொரு முறை போட்டார். அப்போதும் பொருந்தியது. பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆங்... ஆறு அங்குலம்னே எழுதிடு" என்றார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு மண்டபத்துக் குழாயருகே மறுபடியும் டியூட்டி கேட்டு வாங்கினேன். சரோஜா வீட்டார் காவடியோடு ஏறி வந்தார்கள். சரோஜாதான் குழாயைத் திருகினார். காற்று இல்லை. தண்ணீர்! இரண்டு கையிலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணில் வந்ததை நான் குழாய்த் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சரி, போன செவ்வாய்க்கு வருவோம். சந்தனத் தலைக்காரர் தண்ணீர் குடித்துவிட்டு வாழ்த்தியதைச் சொன்னேன் அல்லவா? "ஆங், நல்லா இருக்கணும்" என்று நானும் அவரோடு சேர்ந்து வாழ்த்திவிட்டு ஏறினேன். அந்த ஆசீர்வாதத்தில் பாதி பள்ளிப்பட்டு நெசவாளி மகளுக்கு. பாதி, பேர் தெரியாத அந்த மகராசனுக்கு.

என் பங்குக்குத்தான் சட்டை நனைந்ததே!