அறிவு இரண்டு

புத்தகமாக வந்த ஒரு விளையாட்டுக்காக நான் இத்தனை கோபப்படுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்வதென்று முடிவெடுப்பார்கள். முடிவு பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். எங்கள் கதை ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. இரவோடிரவாக மலையில் ஒரு பாதை காணாமல் போய்விடும், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் அதைத் தேடிப் போவார்கள். எழுதியது நான். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இப்போது கண்டியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். படங்கள் வரைந்தவள் அலவத்துகொடைக்காரி, என்னோடு கம்பஸில் படித்தவள். அவளுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடி ஆடியே விதிகளைத் திருத்தினோம்.

கொழும்பில் ஒரு பதிப்பாளர் அதை ஆங்கிலத்திலும் தமிழிலும் போடுவதாகச் சொன்னார். முழுப் பிரதியையும் படங்களையும் நம்பிக் கொடுத்தோம். சில மாதங்கள் கழித்து அச்சுக்கு முந்திய மாதிரி வந்தது. அந்த மேசையிலேயே வைத்துப் பிரித்தோம்.

ஆடுகிறவர்கள் எடுக்கக்கூடிய பாத்திரங்களாகத் துரை, வேட்டைக்காரர், பாதிரியார், டாக்டர் என்று இருந்தது. நாங்கள் முதல் பாத்திரமாக வைத்திருந்த கொழுந்து பறிக்கிற பெண்ணைக் காணோம். பக்கம் பக்கமாகத் தேடினேன். கடைசியில், சிறுத்தைக்கும் காட்டுப்பன்றிக்கும் இடையில், வழியில் எதிர்ப்படுகிறவர்களின் அட்டவணையில் கிடந்தாள். பெயர்: கூலி. பலம் எட்டு, அறிவு இரண்டு. சிறுத்தைக்கு அறிவு நான்கு.

என் அம்மா வேலை நின்ற நாள்வரை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவள். அட்டை கடித்த காலோடு வந்து எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். தோழி அட்டைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து நம்மை நேராகப் பார்க்கும்படி அவள் வரைந்திருந்த பெண்ணைக் குனிய வைத்து, முன்னால் ஒரு குதிரையில் துரையை ஏற்றியிருந்தார்கள்.

"இதுல கையெழுத்து போட ஏலா," என்றாள். "நேர போய் மொகத்தப் பாத்து செல்லணும்."

அடுத்த வாரமே ரயிலேறிப் போனோம். பதிப்பாளர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்குத் துரையைத்தான் தெரியும், லயத்து ஆளாக நடிக்க யார் காசு கொடுப்பார்கள் என்று நீளமாக விளக்கினார்.

"அறிவு ரெண்டுன்னு யாருங்க போட்டது?" என்றேன்.

"அது சும்மா ஒரு நம்பர் தங்கச்சி. விளையாட்டுத்தானே."

"விளையாட்டுன்னா தொரைக்கு ரெண்டு போடுங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. தோழி எழுந்து, மேசையில் இருந்த தன் அசல் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து உறையில் போட்டாள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

பிறகு கண்டியில் ஒரு சிறிய அச்சகத்தில் நாங்களே தமிழில் போட்டோம். கலியாணக் கார்டு அடிக்கிற இடம். புத்தகத்தையும் பகடையையும் வைக்கிற பெட்டிக்கு அட்டை வெட்டத் தெரியாமல் முதல் கட்டு முழுவதும் கோணலாக வந்தது. ஆனாலும் விற்றது. ஹந்தானையில் லயத்துப் பெண்கள் சிலர் வாங்கி ஆடினார்கள். அவர்கள் ஆடிய கதையில் பாதை தேடிப் போன கூட்டம் துரை பங்களாவைக் கைப்பற்றி அங்கேயே தங்கிவிட்டதாம். அப்படி ஒரு முடிவு எனக்கே தோன்றியதில்லை.

போன வருடம் கண்டி டவுனில் ஒரு புத்தகக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கொழும்புக்காரரின் பெட்டியைக் கண்டு, வாங்கிப் பிரித்தேன். காணாமல் போன பாதை, பனி, நாங்கள் ஞாயிறு ஞாயிறாகத் திருத்திய பகடை விதிகள், எல்லாம் அதில் இருந்தன. எங்கள் பெயர்கள் இல்லை. அட்டவணையில் கூலியும் இல்லை. தேயிலை இருந்தது, பறிக்க ஆளில்லை. வக்கீலிடம் போனோம். படங்களையும் எழுதிய வசனத்தையும் காப்பாற்றலாம், விளையாட்டின் விதி யாருக்கும் சொந்தமில்லை என்றார். அவர்கள் படங்களை வேறாக வரைந்து, வசனத்தையும் கவனமாக மாற்றியிருந்தார்கள்.

"விடுங்க, நாம அடுத்தத செய்வம்," என்கிறாள் தோழி. செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் என் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டுமென்றும் நான் நினைக்கவில்லை.