‘ங்க’ போடாத குழு

வடக்கனந்தலில் பயிர் வைக்கும் பெண்களுக்காக நான் ஒரு குழு ஆரம்பித்தபோது முதல் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். லோன் கிடையாது என்று சொன்னதும் நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். "லோன் இல்லாத குழு இன்னாத்துக்கு?" என்று ஒருத்தி வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் கேட்டதில் தப்பில்லை. எதற்கு என்று எனக்கே அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்த வருஷம் அது. அதுவரை நான் வயலுக்குப் போனதெல்லாம் சோற்றுக் கூடையோடுதான். திடீரென்று மூன்று ஏக்கர் நிலம் என் தலையில் வந்து விழுந்தது. உரக்கடையில் போய் எதையாவது கேட்டால், "வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்பார்கள். பங்காளிகளிடம் கேட்டால் குத்தகைக்கு விட்டுவிடு என்பார்கள். யாருக்கு விடுவது என்றால், அவர்களுக்கேதான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு நாற்று விட முடியாதே.

நாற்று விடச் சொல்லிக்கொடுத்தவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. ஊர்க்கோடியில் அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துத் தனியாகப் பயிர் வைத்தவள், நடவு ஆட்களைக் கூட்டி வருகிறவளும் அவள்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், புருஷன் செத்து வெகு காலம். விதை நெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டி, "மெதக்கறது எல்லாம் பதரு, தயங்காம தள்ளுங்க" என்பாள். கல்வராயன் மலை கிட்டத்தில் வந்து நிற்பது போலத் தெரிந்தால் அன்றைக்கு உரம் போட விடமாட்டாள். மழை வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுமாம். போகவும் போகும்.

அவளை வைத்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. தெரிந்தவள் ஒருத்தி, தெரியாதவள் ஒருத்தி, இப்படி இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டால் யாரும் உரக்கடை வாசலில் போய் முழிக்க வேண்டாம். ஒவ்வொரு ஜோடிக்கும் ‘தொணை’ என்று பேர் வைத்தவள் அக்கா. சட்டம் இரண்டு போட்டவள் நான். தொணைக்குள் ‘ங்க’ போட்டுப் பேசக்கூடாது, மரியாதை பார்த்தால் திட்ட முடியாது, திட்டாவிட்டால் விவசாயம் வராது. இன்னொன்று, யாருக்குத் தாலி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று இங்கே யாரும் பார்க்கக்கூடாது. இதைச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை. என்னைப் பார்த்துச் சும்மா சிரித்தாள்.

எனக்குத் தொணை அக்காதான். முதல் சட்டம் அவளுக்குச் சிரமமாக இருந்தது. நிலக்காரர் வீட்டுப் பெண்ணை ‘நீ’ என்று சொல்ல நாக்கு வளையவில்லை. ஒரு மாதம் போல "நீ... ங்க" என்று இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் நான் மடையை அடைக்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். வரப்பில் நின்று கத்தினாள். "ஏம்மா, கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது உனக்கு? தண்ணி பூரா போய்க்கினு இருக்குது பாரு!" எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம்! உரிமையோடு என்னை ஒருவர் திட்டி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அந்த வருஷத்து நடவு வந்தது. சனிமூலை என்று நாங்கள் சொல்லும் வடகிழக்கு மூலையில் ஒரு பெண் முதல் முடியை, அதாவது முதல் நாற்றுக் கட்டை, நட்ட பிறகுதான் மற்றவர்கள் வயலில் இறங்குவார்கள். நடுகிறவள் சுமங்கலியாக இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். என் வயலில் அக்காதான் நடுவாள் என்று குழுவில் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். சேற்றில் இறங்கப் போகிறவள் அன்றைக்குப் பெட்டியிலிருந்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முடியைக் கையில் எடுத்தும்விட்டாள்.

அப்போதுதான் என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு மூத்தவள், வரப்பில் வேகமாக வந்தாள். "தம்பி அங்க உசுருக்கு இழுத்துக்கினு கெடக்கறான். நீ அறுத்தவளை வுட்டு மொத முடி போடறியாடி? அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

நான் பயந்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னால் அவ்வளவுதான், பயம். அன்று காலையில்தான் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை குழறியிருந்தார். "அக்கா, அந்தப் பொண்ணு போடட்டும்" என்று, ஆட்களில் புதிதாகக் கல்யாணமான ஒருத்தியைக் காட்டினேன்.

அக்கா முடியை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். "ரெண்டு விரக்கடைக்கு மேல அமுக்காத" என்று சொல்லியும் கொடுத்தாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால் பின்னாலேயே ஓடிப் போய்க் காலில் விழுந்திருப்பேன். அவள் போகவில்லை. பொழுது சாயும் வரை குனிந்து நட்டுவிட்டு, கரையேறிக் கால் கழுவிக்கொண்டு, "நாத்து நல்லா புடிக்குங்க" என்றாள்.

அந்த ‘ங்க’ பிறகு போகவேயில்லை. குழுவுக்கு வந்தாள், பூச்சி விழுந்தபோது வந்து பார்த்து மருந்து சொன்னாள், எல்லாம் ‘ங்க’ போட்டுத்தான். மன்னிப்புக் கேட்க இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். "அதெல்லாம் இன்னாத்துக்குங்க" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

கதிர் வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். சுமங்கலி நட்ட வயல்தான் அது.

தாலி வாங்குகிற நாளில், அதைக் கழற்றுவதற்குப் புருஷனை இழந்த ஒருத்தி வேண்டுமென்று தேடினார்கள். "அவளைக் கூப்டுங்க" என்று ஆள் அனுப்பியவள் என் நாத்தனாரேதான். நாற்றைத் தொட ஆகாத கை இதற்கு ஆயிற்று. அக்கா வந்தாள். என் பின்னால் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அழுதுடு. உள்ள வச்சிக்காத, அழுதுடு" என்றாள். ‘ங்க’ இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தத் துக்கத்திலும் நான் அதைக் கவனித்தேன். எனக்கு என் தொணை திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த நடவுக்கு நாத்தனார் வரவில்லை. தடுக்க யாருமில்லை. குழுப் பெண்கள் எல்லாரும் பார்க்க, நானே முதல் முடியை எடுத்துப் போய் அக்காவிடம் நீட்டினேன். "நீ போடுக்கா" என்றேன்.

அவள் கையை நீட்டவில்லை. முகத்தில் கோபமும் இல்லை.

"இப்ப என்னைக் கூப்புட உங்களுக்கு இன்னாங்க பயம்? இனிமே போறதுக்கு இன்னா இருக்குது? அன்னிக்கு, பயந்துக்கினே கூப்ட்டிருக்கணும்ங்க" என்றாள்.